ம் பிரிக்கும் வேலை

கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தது. காது யார் வீட்டிலோ இருந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர், மறுபாதியில் பலகையும் கத்தியும். ஹெட்போனுக்குள் ஒரு பெரியவர் "ம்" என்றார். அவள் கத்தியை வைத்தாள், ஈரம் படாத சுண்டுவிரலால் ஓர் எண்ணைத் தட்டினாள், மறுபடி கத்தியை எடுத்தாள். அடுத்த "ம்" ஒரு பெண்ணுடையது. இழுத்து வந்து கடைசியில் சற்று மேலே ஏறியது. 'நீ சொல்லு, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்று பொருள். அதற்கு வேறு எண்.

ஆமாம் என்பதற்கு ஒரு ம் உண்டு. வேண்டாம் என்பதற்கு உண்டு. போதும், போனை வை என்பதற்கும் உண்டு. கதை கேட்கிறவர் கொட்டும் உம் வேறு, மாமியார் பேச்சுக்கு மருமகள் கொட்டும் உம் வேறு. வலியில் வரும் ம் மட்டும் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும், மற்றதெல்லாம் விடும்போது. இதைப் புத்தகத்தில் படித்து அவள் தெரிந்துகொள்ளவில்லை. கட்டிலில் கிடந்தவர்களைப் பல வருடம் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் அவள்.

சந்தேகம் வந்தால் அந்த ம்மைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண் போடுவாள். வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து ம்ம் ம்ம்முன்னு சத்தம். வீட்டுக்குள்ள மாடு ஏதும் கட்டியிருக்கோமா?"

"பேசாம போங்க. இன்னும் ஒரு மூட்டை ம் கிடக்கு."

"ம்."

"இது எந்த நம்பர் தெரியுமா? 'உன்கிட்ட யாரு வாய் குடுக்கிறது'ங்கிற ம்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவள் சிரிக்கவில்லை. அந்த மூட்டை தீர்ந்தால் தன் வேலையும் தீர்ந்துவிடுமோ என்ற எண்ணம் ஒரு வாரமாக அவளை விடவில்லை.

அவளை எல்லோரும் நலமாக்கா என்பார்கள். அது அவள் பெயரில்லை. கம்பெனி எழுதிக்கொடுத்த வசனம் "வணக்கம், நலமா?" என்று தொடங்கும். பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்க, தனியே வசிக்கும் பெரியவர்களுக்குக் காலையில் போன் செய்து நாலு வார்த்தை விசாரிப்பதுதான் வேலை. தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா, வயிறு போனதா, தலை சுற்றியதா, கீழே விழுந்தீர்களா. கோளாறு என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் ஆளை அனுப்ப ஒரு பொத்தான். தினமும் "நலமா" என்று கேட்டால் வேறென்ன பேர் வைப்பார்கள்? "நலமா வந்துட்டா, டிவியை அமத்து" என்று ஒரு தாத்தா யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சொல்வது போனில் கேட்கும். மேற்பார்வைக்கு இருந்த பெண் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்தாள்.

அதற்கு முன்பு அவள் ஹோம் நர்ஸ். வீடு வீடாகப் போய் ஆள் பார்ப்பவள். படுக்கையில் கிடப்பவரை முதுகால் தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கிக் காலால் தூக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அது சரிதான். ஆனால் பயிற்சியில் நோயாளிபோலப் படுத்துக்கிடக்கும் பெண் தானும் உதவி செய்வாள். நிஜத்தில் பக்கவாதம் வந்த ஆள் ஈர மணல் மூட்டை மாதிரி கனப்பார், கட்டிலோ சுவரோடு ஒட்டிக் கிடக்கும், காலை மடக்க இடமே இருக்காது. ஒரு நாள் ஓர் அம்மாவைக் கழிப்பறை நாற்காலிக்குத் திருப்பும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. கையிலிருந்த உயிரைக் கீழே விடாமல் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"டிஸ்க் விலகியிருக்கு," என்றார் டாக்டர். "இனிமே கனம் தூக்கினா, அப்புறம் உங்களைத் தூக்க ஒரு ஆள் வைக்கணும்."

"எனக்கு யாரு சார் ஆள் வைப்பா?"

"அதனாலதான் சொல்றேன், தூக்காதீங்க."

வீட்டுக்காரருக்கும் அப்போது நேரம் சரியில்லை. அவர் ஓட்டியது அலுவலக வேன். விடிகாலையில் வேலைக்குப் போகிற பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி, கண்ணாடிக் கட்டடத்தில் இறக்கி, இரவில் திருப்பிக் கொண்டுவருவார். திடீரென்று எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்தது. வேலைக்குப் போகிறவர்களே இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போகிறவன் எதற்கு? வேன்கள் தார்ப்பாய் போர்த்தி வெயிலில் நின்றன, பிறகு இரும்பு விலைக்குப் போயின. அவர் வேலையை அடித்துக்கொண்டு போன அதே வெள்ளம்தான் அவளுக்கு இந்த மேசையைக் கொண்டுவந்து ஒதுக்கியது. உட்கார்ந்த இடத்தில், இடுப்புக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு பார்க்கிற வேலை. கிடைத்த அன்று அவள் இரண்டு தரம் கேட்டாள், "நிஜமாவே எதையும் தூக்க வேண்டாமா?" என்று. அவர் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். ஆப் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் நாள் முழுக்க மரத்தடியில் பைக்கின் மேல் சாய்ந்திருக்க வேண்டியதுதான். வீடு அவள் குரலில்தான் ஓடியது.

போன வருடம் கம்பெனி அந்தக் குரலையே தரச் சொல்லிக் கேட்டது. சின்ன மேடம் என்று அவள் கூப்பிடும் அந்த மேற்பார்வைப் பெண்தான் பேசினாள். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. சின்ன மேடத்துக்குக் கைக்குழந்தை. எந்நேரமும் பின்னால் அழுகை கேட்கும்.

"நலமாக்கா, கொஞ்சம் பக்கம் அனுப்புறேன், படிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. நீங்க லீவு போட்டா உங்க குரல்லயே மெஷின் பேசும். பெரியவங்க தேட மாட்டாங்க பாருங்க."

காய்ச்சல் வந்தால் படுக்கலாமே என்று அவளுக்கும் சந்தோஷம்தான். எதிரொலி வரக் கூடாதென்று சொன்னார்கள். துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டு, மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு நாள்கணக்கில் படித்தாள். "மகிழ்ச்சி" என்பதை மட்டும் ஐம்பது விதமாகக் கேட்டார்கள். "அலமாரிக்குள்ள தலையை விட்டு மகிழ்ச்சி மகிழ்ச்சின்னு கத்துற பொண்டாட்டி உலகத்துல எனக்கு மட்டும்தான்," என்றார் வீட்டுக்காரர்.

மெஷின் முதலில் அவள் லீவு நாளில் பேசியது. பிறகு அவள் இருக்கும்போதே சில வீடுகளுக்குப் பேசியது. மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வீடுகளுக்கும் அதுவே பேசியது; அவளுக்கு ஒட்டுக்கேட்கும் வேலை. தவறு இருந்தால் குறித்துக்கொடுக்க வேண்டும்.

ஒருநாள் மனசு கேட்காமல் முன்பு தினமும் தான் விசாரித்துவந்த தையல்காரம்மாவைத் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள். வாழ்நாளெல்லாம் குண்டூசியை உதட்டில் கடித்துக்கொண்டே பேசிய பெண் அது. தையல் போய், கண் போய், இப்போதும் பாதிப் பேச்சு ம்மில்தான்.

"அம்மா, நான் நலமா பேசுறேன். தினம் காலையில உங்ககிட்ட பேசுறது நான் இல்ல. அது மெஷின்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"முன்னெல்லாம் நீ பேசுனா, தீப்பிடிச்ச வீட்டுலேர்ந்து பேசுற மாதிரி பேசுவ. மாத்திரை போட்டியா, வயிறு போச்சா, வைக்கிறேன். இது அப்படியில்ல. நான் என் தங்கச்சி கதையைச் சொன்னா முழுசாக் கேக்குது. மறுநாள் அதுலேர்ந்தே ஆரம்பிக்குது."

"எனக்கு நேரம் குறிச்சு வச்சிருந்தாங்கம்மா. திரையில ஒரு வட்டம் சுருங்கிக்கிட்டே வரும்."

"இருக்கும். உன்னையக் குத்தம் சொல்லலை. ஆனா எனக்கு அந்த வட்டம் தெரியாதே, உன் அவசரம்தானே தெரியும்?"

நலமாக்கா வழக்கம்போல் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள்.

"அதான் காலையிலேயே உன் அக்கா கேட்டுட்டாளே," என்றாள் தையல்காரம்மா.

இதற்குப் பின்தான் மாடிவீட்டு வாத்தியாரின் காரியம் நடந்தது. அவள் விசாரித்துவந்தவர்களில் ஒருவர்; ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வீட்டில் தனியே இருந்தவர். ஒரு காலை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். போன் அவர் கையில்தான் இருந்தது. மெஷின் கூப்பிட்டது. நலமா என்று கேட்டது. "ம்" என்றார். மாத்திரை? "ம்." தலை சுற்றல் இல்லையே? "ம்." மெஷினுக்கு ம் என்றால் ஆமாம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஆமாம், நலம். ஆமாம், மாத்திரை போட்டாயிற்று. ஆமாம், சுற்றல் இல்லை. "மகிழ்ச்சி, நாளை பேசலாம்" என்று நலமாக்காவின் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. தண்ணீர் கேன் போடுகிற ஆள் மத்தியானம் வந்து கதவைத் தட்டியதால் உயிர் தப்பியது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அந்த வயதில் அது முறிந்தால், நடை பாதி போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதிவை அவள் சாயங்காலம்தான் கேட்டாள். முதல் ம்மிலேயே ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அது வாயை மூடிக்கொண்டு அலறுகிற ம். உயிரோடு ஓர் ஆள் அந்த முனையில் கேட்டிருந்தால் தவறவிட்டிருக்க முடியாது.

வாத்தியாரின் மகன் வெளிநாட்டிலிருந்து கம்பெனியை உலுக்கினான். மறுநாளே சின்ன மேடம் கூப்பிட்டாள்.

"அக்கா, பழைய பதிவுல இருக்கிற எல்லா ம்மையும் வெட்டி எடுத்து அனுப்புறோம். எது எந்த ம்முன்னு நீங்க நம்பர் போட்டுக் குடுங்க. இதைச் செய்ய உங்களைவிட்டா ஆள் இல்லன்னு மேலயே சொல்லிட்டேன்."

"போட்டு முடிச்ச பிறகு?"

குழந்தை அழுதது. "பாப்பாவுக்குப் பசி அக்கா, அப்புறம் பேசுறேன்," என்றாள் சின்ன மேடம்.

இப்படித்தான் அந்த மூட்டை அவள் மேசைக்கு வந்தது.

மாடு கட்டியிருக்கோமா என்று கேலி செய்த அன்று, சாப்பிட உட்காரும்போதுதான் வீட்டுக்காரர் விஷயத்தை முழுசாகக் கேட்டார். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அவசரப்படாத. இழு. மீட்டர் ஓடுறவரைக்கும்தான் சவாரி."

"இழுக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு திரையே சொல்லுது."

"அப்ப பத்துக்கு ஒண்ணு மாத்திப் போடு. மெஷின் தடுமாறட்டும். தடுமாறுனாத்தான் உன்னையத் தேடும். நான் வேன் ஓட்டும்போது, குறுக்குச் சந்து தெரிஞ்சவன் எவனும் அதை மேப்புக்காரன்கிட்ட சொல்ல மாட்டான்."

"அந்தச் சந்துலதான் ஒருத்தர் விழுந்து கெடந்தாரு."

"விழுறவங்களை நாமளா தள்ளிவிட்டோம்? உன் இடுப்பை நினைச்சுப் பாரு. இந்த மேசை போச்சுன்னா மறுபடி கட்டில்தான். இந்தத் தடவை எந்திரிக்க மாட்ட."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இருக்க முடியாது. மறுநாள் காய் நறுக்கி முடித்த பிறகு, வலியுள்ள ஒரு ம் வந்தது. முழங்கால் வலிபோல இருந்தது. அவள் சுண்டுவிரல் கதை கேட்கிற ம்முக்கான எண்ணின் மேல் போய் நின்றது. தட்டினாள். அடுத்தது வந்துவிட்டது.

தட்டிய பிறகுதான் காதுக்குள் அது மறுபடி ஓடியது. உதடு பிரியாமல், ஓரத்தில் காற்று மட்டும் உள்ளே கசியும் ம். வாயில் குண்டூசி இருப்பதுபோல.

பின்னால் போக அந்தத் திரையில் பொத்தான் இல்லை. எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தாள். கடைசியில் சின்ன மேடத்தையே கூப்பிட்டாள்.

"ஒரு ம்மைத் தப்பாப் போட்டுட்டேன் மேடம். அதைத் திருப்பி எடுத்துக் குடுங்க."

"ஒண்ணுதானே அக்கா? விடுங்க. இவ்வளவு பெரிய குவியல்ல அது சராசரியில போயிடும்."

"அது சராசரி இல்ல மேடம். அது தையல்காரம்மா."

"பேரெல்லாம் மறைச்சுத்தானே அனுப்புறோம், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியாதா? முழங்கால் வலிச்சா அப்படித்தான் சொல்லுவாங்க. நாளைக்கு அதே ம் சொல்லும்போது மெஷின் கதை கேக்குறாங்கன்னு நினைச்சு உக்காந்திருக்கும்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நெடுநேரம் தேடி, சின்ன மேடம் அதை எடுத்து அனுப்பினாள். நலமாக்கா சரியான எண்ணைப் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் சின்ன மேடம். "தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"ஆமா."

"நான் உங்க இடத்துல இருந்தா எல்லாத்தையும் அப்படித்தான் போட்டிருப்பேன்."

"போட்டிருக்க மாட்டீங்க. புள்ளை அழுகையில எது பசி, எது வயித்துவலின்னு உங்களுக்குத் தெரியும். மாத்திச் சொல்லுவீங்களா?"

அதன் பிறகு ஒரு ம்மையும் அவள் மாற்றிப் போடவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குப் பத்துக்கு ஒன்று மாற்றுவதாகப் பொய் சொன்னாள். அவருக்கு அது ஒரு நிம்மதி, அதைக் கெடுப்பானேன்?

மூட்டை தீர்ந்தது. மெஷின் கற்றுக்கொண்டது. சந்தேகப்பட ஏதுமில்லாமல் கற்றுக்கொண்டது. சில நாளில் ஒரு வீட்டில் ஓர் அம்மா "ம்" என்று சொன்ன மாத்திரத்தில் மெஷின் பேச்சை நிறுத்தி, ஆளை அனுப்பிவிட்டது. நெஞ்சு வலி. தக்க நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தார். அதைப் பெருமையாக எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்கள். நலமாக்காவும் படித்தாள். நல்ல காரியம்தான். கெட்ட காரியத்தால் வேலை போனால் திட்டிவிட்டுத் தூங்கலாம். நல்ல காரியத்தால் போனால் யாரைத் திட்டுவது?

வழியனுப்பும் கூட்டம் திரையில் நடந்தது. ஒரு சதுரத்தில் மேலிடத்து ஆள். மற்ற சதுரங்கள் எல்லாம் கறுப்பு, ஒவ்வொன்றிலும் பெயரின் முதல் எழுத்து மட்டும். இத்தனை பேர் தன்னோடு வேலை பார்த்தார்கள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முன்பு ஆஸ்பத்திரியில் ஓர் ஆயாவை நிறுத்தினால்கூட, மற்றவர்கள் படிக்கட்டில் கூடி நின்று நாலு வார்த்தை திட்டுவார்கள். ஒருத்தி டீ வாங்கிக்கொடுப்பாள். இங்கே படிக்கட்டு கிடையாது. மேலிடத்து ஆள் நன்றி சொன்னார். எல்லோருடைய மைக்கையும் அவரே அமர்த்தி வைத்திருந்தார். சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சின்ன மேடம் தனியே கூப்பிட்டாள். 

"எனக்கும் வேலை இல்லன்னு லெட்டர் வந்துடுச்சு அக்கா. மேற்பார்வை பாக்க ஆளுங்க இல்லல்ல இனிமே."

"புள்ளைக்குப் பால் குடுக்கிறவங்க, சாப்பாட்டை விட்டுடாதீங்க."

"ம்."

நலமாக்காவுக்கு அது என்ன ம் என்று தெரிந்தது. அதற்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை.

"ஒரு தடவை நேர்ல பாத்துக்கலாமா அக்கா?"

"நீங்க எந்த ஊரு?"

சொன்னாள். ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். 

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்க ஆள் வருமென்று செய்தி வந்திருந்தது. நலமாக்கா எழுந்து, வழக்கம்போலத் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டினாள். விசைப்பலகை இடுக்கில் பீன்ஸ் நாரும் மசாலாத் தூளும் சேர்ந்திருந்தன. பல் துலக்கும் பழைய பிரஷால் தட்டி எடுத்தாள். அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பிக் கொடுப்பது அவளுக்குப் பழக்கமில்லை. ஹெட்போனைத் துடைத்து, கம்பியைச் சுருட்டி, வந்த பெட்டியிலேயே வைத்து நாடா ஒட்டினாள். பார்சல்காரர் வாசலில் நின்றபடியே போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு மட்டும் இதே கம்பெனி பெட்டி நிறைய எடுக்க வேண்டியிருக்கு," என்றார். "கம்பெனியை மூடிட்டாங்களாம்மா?"

"இல்ல. நல்லா ஓடுது," என்றாள்.

வீட்டுக்காரர் எழுந்துவந்து காலியான மேசையைப் பார்த்தார்.  முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆப் கூப்பிடுவதற்கு முன்பாகவே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியின் நம்பரைத் தேடிப் போட்டாள். முன்பு அங்கே ஓர் அம்மாள் எடுப்பாள். காலையிலேயே எரிந்துவிழுவாள், ஆனால் இடுப்பு சரியில்லை என்றால் குழந்தை பார்க்கும் வீடாகத் தேடிக்கொடுப்பாள். இப்போது பணிவான ஓர் ஆண் குரல் எடுத்தது. வயது கேட்டது, அனுபவம் கேட்டது. இரண்டையும் சொன்னாள்.

"கனமான நோயாளியைத் தனியாகத் தூக்க முடியுமா?" என்று கேட்டது.

அவள் சுவரில் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். வார்த்தை தெளிவாக விழ வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"முடியும்," என்றாள்.

ஒரு விலாசம் வந்தது. பக்கவாதம், ஆண், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பத்து மணிக்கு வரச் சொன்னது. அவள் சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு, இடுப்புவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிக் கிளம்பினாள்.